என் மஜ்ஜையே போதும் என்று சொன்னேன்

என் தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் கால்பந்து ஆட்டங்களுக்கு நடுவராகப் போவான். மற்ற நாட்களில் அரசாங்கத் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டர் வேலை. நாற்பத்து மூன்று வயதிலும் இருபது வயதுக்காரர்களுக்கு ஈடுகொடுத்து மைதானம் முழுக்க ஓடுவான். இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடங்கள் இருக்கும். ஏப்ரல் மாதத்தில் ஒரு ஆட்டத்தின் நடுவே விசிலை லைன்ஸ்மேன் கையில் கொடுத்துவிட்டு ஓரமாக வந்து உட்கார்ந்துவிட்டான். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் சொன்னான். அவன் காலுறையைக் கழற்றும்போது, இரண்டு முழங்காலுக்கும் கீழே நீலமும் பச்சையுமாகக் கன்றிப்போயிருந்ததைப் பார்த்தேன்.

“எங்கடா அடிபட்டுது?”

“எங்கயும் படலக்கா. அதான் எனக்கும் புரியல.”

அடுத்த வாரம் பல் தேய்க்கும்போது ஈறிலிருந்து ரத்தம் வந்தது. மதியம் வரை நிற்கவில்லை. பஞ்சை அடைத்துக்கொண்டுதான் டாக்டரிடம் போனான்.

அப்பா விட்டுப்போன காக்ஸ் டவுன் வீட்டில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். நான், தம்பி, அவன் மனைவி, அவர்களுடைய பதினொரு வயது மகள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண்கள் பள்ளி ஒன்றில் முப்பத்தைந்து வருடம் உயிரியல் நடத்திவிட்டு ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. எலும்பின் குறுக்குவெட்டுப் படத்தைக் கரும்பலகையில் வரைந்து, நடுவில் சிவப்பு சாக்பீஸால் தீட்டி, ரத்த அணுக்கள் இங்கேதான் உற்பத்தியாகின்றன என்று வருடா வருடம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பரீட்சையில் அது இரண்டு மதிப்பெண் கேள்வி. அதற்கு மேல் அந்தச் சிவப்பைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

தம்பியின் எலும்புக்குள் அந்தச் சிவப்பு அநேகமாகக் காலியாகிவிட்டது என்று நகரத்தின் தெற்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அப்லாஸ்டிக் அனீமியா. ரத்தத்தை உண்டாக்கும் மூல அணுக்களை அவன் உடம்பே அழித்துவிட்டது. ஏன் என்று கேட்டதற்குப் பெரும்பாலும் காரணம் தெரிவதில்லை என்றார்கள். சில மாதங்கள் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். வாரா வாரம் ரத்தம் ஏற்றினார்கள். தொழிற்சாலை நண்பர்களும் அவன் விசில் ஊதிய கிளப்புகளின் ஆட்டக்காரர்களும் வரிசையில் நின்று ரத்தம் கொடுத்தார்கள். ஏற்றியது கரைந்து போய்க்கொண்டே இருந்தது. கடைசியில், கூடப் பிறந்தவர் யாருடைய மஜ்ஜையாவது பொருந்தினால் மாற்றிப் பார்க்கலாம் என்றார் டாக்டர்.

கூடப் பிறந்தவர்கள் இரண்டே பேர். நான் ஒருத்தி. எனக்கு அடுத்தவள் நகரத்துக்கு வெளியே ஹெப்பகோடியில் இருந்தாள். அவள் கணவருக்கு அங்கே ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. மூன்று பிள்ளைகள். எனக்கு அப்போது அறுபது வயது, தங்கைக்கு நாற்பத்தெட்டு.

இந்த வயதுகளை நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தம்பி பிறந்தபோது எனக்குப் பதினேழு. அவனைப் பெற்றெடுத்ததோடு அம்மா படுத்துவிட்டாள். இதயத்தில் வால்வு கோளாறு. மூன்று வருடம் படுக்கையிலேயே இருந்து போய்ச் சேர்ந்தாள். பால் புட்டியைக் கழுவியது, ஜுரத்தில் தோளில் போட்டுக்கொண்டு நடந்தது, பள்ளியில் சேர்த்தது எல்லாம் நான்தான். அவன் பிறந்தபோது தங்கைக்கு ஐந்து வயது. அவளும் அம்மா இல்லாத குழந்தைதான். அவளுக்கு நான் என்ன செய்தேன் என்று யோசித்தால் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. “நீ எனக்கு ஒரு நாள் தலை வாரிவிட்ட ஞாபகமே இல்லக்கா” என்று கல்யாணத்துக்குப் பிறகு ஒரு முறை சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

எங்கள் இருவரிடமும் ரத்தம் எடுத்துப் பொருத்தம் பார்த்தார்கள். முடிவு தெரிந்துகொள்ள நான் மட்டும் போனேன். டாக்டர் ஐம்பது வயதுக்குள் இருக்கும் ஒரு கன்னடப் பெண்மணி. நான் கன்னடத்தில் பேசினாலும் அவர் விடாமல், நடுநடுவே கன்னடச் சொல் கலந்த தமிழில்தான் பதில் சொல்வார்.

“நோடி மேடம், உங்க தம்பி லக்கி. ரெண்டு பேரும் மேட்ச்.”

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அவர் தொடர்ந்தார்.

“தங்கச்சிகிட்ட எடுக்கறது பெட்டர். அவங்களுக்கு வயசு கம்மி.”

“எனக்கு ஷுகர் இல்ல, பிரஷர் இல்ல டாக்டர். காக்ஸ் டவுன்ல இருந்து சிவாஜி நகர் வரைக்கும் நடந்தே போவேன்.”

“நீங்க ஹெல்த்தியாதான் இருக்கீங்க. நான் சொல்றது எலும்புக்குள்ள இருக்கற வயசு.”

ஒரு தாளை எடுத்து இடுப்பெலும்பை வரைந்தார். நான் வகுப்பில் வரைந்ததைவிட மோசமான படம். சிறு வயதில் எலும்பு முழுக்கச் சிவப்பு மஜ்ஜை இருக்கும், வயது ஏற ஏற அந்த இடத்தைக் கொழுப்பு பிடித்துக்கொள்ளும் என்றார். மூல அணுக்கள் இல்லாமல் போவதில்லை, எண்ணிக்கை அதிகமாகவும் செய்யலாம். ஆனால் அவற்றின் திறன் குறைந்துவிடுகிறது. எல்லா வகை அணுக்களையும் சரிசமமாகப் பிறப்பிக்க முடியாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுகின்றன. வேறு உடம்புக்குப் போனால் அங்கே வேர் பிடிப்பதும் சிரமம்.

“உங்களுக்கு உங்க மஜ்ஜை போதும். தினசரி வேலைய அது பாத்துக்கும். ஆனா உங்க தம்பி எலும்புக்குள்ள ஒண்ணுமே இல்ல. அங்க போயி சைபர்ல இருந்து ஆரம்பிக்கணும். அதுக்கு ஸ்வல்ப சின்ன வயசு அணு இருந்தா நல்லது.”

பிறகு நியாயமாக இன்னொன்றையும் சொன்னார். பிள்ளை பெற்ற பெண்ணின் மஜ்ஜையில் ஒரு சிக்கல் உண்டு. கர்ப்ப காலத்தில் அவள் உடம்பு வேறொரு உயிரின் அணுக்களோடு பழகியிருப்பதால், மாற்றிய பிறகு அந்த மஜ்ஜை நோயாளியின் உடம்பைத் தாக்குவது சற்று அதிகமாக இருக்கலாம். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் மேல். “ஆனா ரெண்டையும் வெச்சுப் பாத்தா நான் தங்கச்சியத்தான் எடுப்பேன். அவங்க சம்மதம் கேட்டுட்டுக் கூட்டிட்டு வாங்க.”

பிள்ளை பெறாததை ஒரு தகுதியாக யாராவது சொல்லி நான் கேட்டது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான். பஸ்ஸில் திரும்பி வரும்போது டாக்டர் சொன்ன மற்றதெல்லாம் மங்கிப்போய் அது மட்டும் காதில் நின்றது.

மறுநாள் ஹெப்பகோடிக்குப் போனேன். தங்கை கணவர் காலை ஷிப்டுக்குப் போயிருந்தார். அவள் காபி போட்டுக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். இடுப்பெலும்பில் ஊசி போட்டு உறிஞ்சி எடுப்பார்கள், மயக்கம் கொடுப்பார்கள் என்று சொன்னேன். நான் சொன்ன விதமே அவளைப் பயமுறுத்தும் விதம்தான். அதை அப்போதே உணர்ந்திருந்தேன்.

“எத்தன தடவ குத்துவாங்க?”

“அம்பது, நூறு இருக்கும்.”

அவள் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். “பயமாத்தான் இருக்குக்கா. ஆனா அவனுக்குத்தானே. குடுக்கறேன். இவர் வரட்டும், ஒரு வார்த்த சொல்லிட்டு நாளைக்கே வரேன்.”

அந்த இடத்தில் நான் சரி என்று சொல்லியிருக்க வேண்டும். என் வாயிலிருந்து வந்தது வேறு.

“வேணாம்மா. நானே போதும்னு டாக்டர் சொல்லிட்டாங்க. சும்மா உனக்கும் தெரியணுமேன்னுதான் வந்தேன்.”

அவள் முகத்தில் நிம்மதி தெரிந்தது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது. ஐந்து வயதில் கதவோரம் நின்று நான் தம்பிக்குச் சோறு ஊட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாளே, அந்த முகம். “சரிக்கா. நீ எப்பவும் அவனுக்குச் செஞ்சவ” என்றாள்.

டாக்டரிடம் போய், தங்கைக்கு விருப்பமில்லை, அவள் கணவரும் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன். டாக்டர் பெருமூச்சு விட்டார். “கட்டாயப்படுத்த முடியாது. நீங்க இருக்கீங்களே, நல்லது” என்று சொல்லி எனக்கான பரிசோதனைகளை எழுதிக் கொடுத்தார்.

ஏன் செய்தேன் என்று பல வருடங்கள் என்னையே கேட்டிருக்கிறேன். தங்கைக்கு வலிக்கக் கூடாது என்று நினைத்தேன் என்றால் அது பொய். அவன் உடம்பில் ஓடும் ரத்தம் இனி என் ரத்தமாக இருக்கும் என்பதுதான் என் ஆசை. அவனை வளர்த்தேன், பெறவில்லை. இது அதற்குச் சமானம் என்று நினைத்தேன். அதில் வேறொருத்தி பங்குக்கு வருவதை என்னால் பொறுக்க முடியவில்லை. அணுக்களுக்கு வயதாகும் என்று டாக்டர் படம் போட்டுக் காட்டியதை, உயிரியல் படித்த நான், ஏதோ ஒரு பேச்சுக்குச் சொன்னது மாதிரி ஒதுக்கிவிட்டேன்.

தம்பியைக் கண்ணாடி வைத்த தனி அறையில் சேர்த்தார்கள். என் மஜ்ஜையை அவன் உடம்பு எதிர்க்காமல் இருக்க, மிச்சமிருந்த எதிர்ப்புச் சக்தியையும் மருந்து கொடுத்து அழித்தார்கள். முடி கொட்டியது. வாயெல்லாம் புண். அவன் மகள் கண்ணாடிக்கு வெளியே இருந்த போனை எடுத்து, “அப்பா, நீங்க மொட்டையில நல்லா இருக்கீங்க” என்று சொல்லிவிட்டு என் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

என்னிடம் எடுத்த நாளில் மயக்கம் தெளிந்தபோது இடுப்பின் இரண்டு பக்கமும் கட்டுப் போட்டிருந்தது. டாக்டர் கட்டிலருகே வந்து நின்றார். எதிர்பார்த்ததைவிட அதிக நேரம் ஆகிவிட்டது, பல இடங்களில் குத்த வேண்டியிருந்தது என்றார். உறிஞ்சியதில் கொழுப்பு நிறைய வந்ததாம். அணுக்களின் எண்ணிக்கை வேண்டிய அளவுக்குக் கொஞ்சம் குறைவு.

“போதாதா டாக்டர்?”

“பாக்கலாம். இதுக்கு மேல உங்ககிட்ட எடுக்க முடியாது.”

சாயங்காலம் சக்கர நாற்காலியில் என்னைக் கண்ணாடி அருகே கொண்டுபோய் விட்டார்கள். கருஞ்சிவப்பாக ஒரு பை தொங்கியது. சொட்டுச் சொட்டாகத் தம்பியின் கழுத்து ரத்தக்குழாய்க்குள் இறங்கியது. அவன் கட்டை விரலை உயர்த்திக் காட்டினான். அவன் மனைவி என் கையைப் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். இடுப்பு விண்விண் என்று தெறித்தது. அந்த வலியில் எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது.

பிறகு காத்திருப்பு. தினமும் காலையில் அவன் ரத்தத்தை எடுப்பார்கள். மதியத்துக்குள் எண்ணிக்கை வரும். மூன்றாவது வாரத்துக்குள் வெள்ளை அணுக்கள் தலை காட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். முதல் வாரம் ஒன்றுமில்லை, அது எதிர்பார்த்ததுதான். இரண்டாவது வாரமும் ஒன்றுமில்லை. பதினேழாம் நாள் ஒரு சிறு ஏற்றம் வந்தது. அவன் மனைவி சர்ச்சுக்கு ஓடிப்போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தாள். இரண்டு நாளில் அது மறுபடியும் இறங்கிவிட்டது.

“இன்னாக்கா, உன் ஆளுங்க இன்னும் ஃபீல்டுக்குள்ள வரலையே” என்றான் போனில். வாய்ப்புண்ணால் வார்த்தைகள் குழறின.

“வருவாங்கடா. வயசானவங்கதானே, மெதுவாத்தான் வருவாங்க.”

அவன் சிரித்தான். நான் போனை வைத்துவிட்டுக் கழிவறைக்குப் போய்க் கதவைத் தாழ்போட்டுக்கொண்டேன். வேடிக்கைக்காகச் சொன்னதுதான். சொல்லி முடித்த பிறகுதான், டாக்டர் தாளில் வரைந்த அந்த மோசமான படம் அப்படியே என் கண் முன்னால் வந்தது.

நாலாவது வாரத்தின் முடிவில் அவன் எலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பார்த்தார்கள். காலி. டாக்டர் என்னையும் அவன் மனைவியையும் அறைக்குக் கூப்பிட்டுச் சொன்னார்.

“பிடிக்கல. காரணம் இதுதான்னு சொல்ல முடியாது. முன்னாடி நிறைய ரத்தம் ஏத்தியிருக்கோம், அதனால உடம்பு எதிர்த்திருக்கலாம். எண்ணிக்கையும் கம்மியா இருந்தது. டோனர் வயசும் ஒரு காரணமா இருக்கலாம்.” பிறகு என்னிடம் திரும்பினார். “மேடம், இன்னொரு தடவ செஞ்சு பாக்கலாம். தங்கச்சிகிட்ட மறுபடி ஒருமுறை கேட்டுப் பாக்கறீங்களா?”

மறுபடி என்ற அந்த வார்த்தையைத் திருத்தாமல், சரி என்று தலையை ஆட்டினேன்.

ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த டெலிபோன் பூத்திலிருந்து பேசினேன். நான் முழுதாகச் சொல்லி முடிக்கும் முன்பே “வரேன்” என்றாள். மறுநாள் முதல் பஸ்ஸில் கணவனும் மனைவியுமாக வந்து இறங்கினார்கள். அவர் ஷிப்டுக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தார். டாக்டர் அவர்களுக்கு எல்லாவற்றையும் விளக்கி, “யோசிச்சு நிதானமா சொல்லுங்க, கட்டாயமில்ல” என்றார். தம்பி மனைவி அவன் அறைக் கண்ணாடிக்கு வெளியே இருந்தாள். நான் சுவரோரமாக நின்றிருந்தேன்.

“இதுல யோசிக்க என்ன இருக்கு?” என்றார் தங்கை கணவர். “அன்னைக்கே கேட்டிருந்தா அன்னைக்கே வந்திருப்போம் டாக்டர். அக்காதான் தன்னுதே போதும்னு சொல்லிட்டாங்கன்னு இவ சொன்னா.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அதற்கப்புறம் தங்கையும் என் பக்கம் திரும்பினாள். கையெழுத்துப் போட வேண்டிய தாள் அவள் முன்னால் இருந்தது. கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் குனிந்து கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை அவளிடம் எடுப்பதாக இருந்தது. வெள்ளிக்கிழமை தம்பிக்குக் காய்ச்சல் கண்டது. நுரையீரலில் பூஞ்சைத் தொற்று என்றார்கள். எதிர்த்து நிற்க அவன் உடம்பில் ஒரு அணுவும் இல்லை. நல்ல உடம்புக்கு ஒன்றுமே செய்யாத, காற்றில் எப்போதும் இருக்கிற பூஞ்சை. சனிக்கிழமை மூச்சுக்கு மிஷின் வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நாலு மணிக்குப் போய்விட்டான்.

அடக்கம் முடிந்து சொந்தக்காரர்கள் கலைந்த பிறகு, சமையலறையில் நானும் தங்கையும் தனியாக இருந்தோம். அவள் தம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே கேட்டாள்.

“டாக்டர்கிட்ட நான் மாட்டேன்னு சொன்னியா?”

“ஆமா.”

தண்ணீரை நிறுத்தினாள். முந்தானையில் கை துடைத்துக்கொள்ள அவளுக்கு வெகு நேரம் பிடித்தது.

“அவன் அதக் கேட்டுட்டுப் போனானா?”

தங்கை தர மறுத்துவிட்டாள் என்று அவன் மனைவியிடம் நானே சொல்லியிருந்தேன். அவள் அவனிடம் சொல்லியிருக்கலாம். அவன் ஒரு முறைகூடத் தங்கையைப் பற்றி விசாரிக்காததும் அப்போதுதான் உறைத்தது.

“தெரியல” என்றேன்.

அவள் கூச்சல் போடவில்லை. என்னைத் திட்டியிருந்தால், அடித்திருந்தாலும்கூட, பிடித்துக்கொள்ள எனக்கு ஏதாவது இருந்திருக்கும். “சரி, நான் கிளம்பறேன்” என்று பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆறு மாதம் கழித்து நான் டாக்டரைப் போய்ப் பார்த்தேன். தங்கையுடையதை முதலிலேயே வைத்திருந்தால் பிழைத்திருப்பானா என்று கேட்டேன்.

“அவங்களுதும் பிடிக்காம போயிருக்கலாம் மேடம். யாராலயும் சொல்ல முடியாது.”

“ஆனா?”

“ஆனா சான்ஸ் ஜாஸ்தி இருந்தது.” பிறகு மெதுவாகச் சொன்னார். “கேக்கற வேலைய உங்ககிட்ட நான் விட்டிருக்கக் கூடாது. அவங்கள நானே கூப்பிட்டுப் பேசியிருக்கணும்.” பழியைத் தன் மேல் கொஞ்சம் எடுத்துக்கொண்டால் எனக்குப் பாரம் குறையும் என்று நினைத்திருப்பார். குறையவில்லை. இன்னொருவரையும் இதில் இழுத்துவிட்டேன் என்பதுதான் மிஞ்சியது.

தம்பி மனைவியிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று பல முறை வாயெடுத்திருக்கிறேன். அவள் என்னைத் தன் தாயைவிட மேலாக வைத்திருக்கிறாள். குளிக்க வெந்நீர் போட்டு வைப்பாள், மாடிப்படியில் கைபிடித்து ஏற்றுவாள். வருகிறவர்களிடமெல்லாம், “தன் எலும்பையே குடுத்தாங்க” என்பாள். தங்கையைப் பற்றிப் பேச்சு வந்தால், முதலில் மறுத்துவிட்டுக் கடைசியில் வந்தவள் என்று அவள் முகம் இறுகிவிடும். சொன்னால் அந்த வீட்டில் எனக்கு இடமிருக்காது. தம்பி மகள் என்னைப் பார்க்கும் பார்வை மாறிவிடும். இந்த வயதில் நான் எங்கே போவேன் என்று பயம். அதனால் வாயை மூடிக்கொள்வேன். செய்யாத குற்றத்தைத் தங்கை சுமந்துகொண்டிருக்கிறாள். அவள் கணவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர்கள் நினைத்திருந்தால் ஒரே நாளில் என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். ஏன் செய்யவில்லை என்று எனக்குத் தெரியாது. கேட்கும் தைரியமும் இல்லை.

மூன்றாவது வருட நினைவு ஆராதனைக்குத் தங்கை வந்திருந்தாள். முந்தின இரண்டு வருடமும் வரவில்லை. எங்கள் பெஞ்சின் கடைசியில், தம்பி மனைவியிடமிருந்து தள்ளி உட்கார்ந்தாள். தலை நன்றாக நரைத்திருந்தது. போதகர் தன் பிரசங்கத்தில், கூடப் பிறந்தவனுக்காகத் தன் உடம்பையே பிட்டுக் கொடுத்த ஒரு சகோதரி நம் நடுவில் இருக்கிறார் என்றார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தம்பி மனைவி என் முழங்கையை அழுத்தினாள். அவன் மகளுக்கு அப்போது பதினைந்து வயது, உயிரியலில் நல்ல மதிப்பெண் வாங்குகிறவள். அவளும் பெருமையோடு பார்த்தாள்.

தங்கை மட்டும் திரும்பவில்லை. கையிலிருந்த பாட்டுப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆராதனை முடிந்ததும் நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அவள் கேட்டைத் தாண்டி நடந்துகொண்டிருந்தாள். பின்னாலேயே போய்ப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். நின்றாள்.

“சாப்ட்டுட்டுப் போயேன்.”

“இல்லக்கா. பஸ் போயிடும்.”

அவ்வளவுதான் பேசினாள். சாலையைக் கடந்து போனாள். உள்ளே யாரோ என்னைத் தேடிக் கூப்பிட்டார்கள், போதகரோடு நின்று படம் எடுக்க வேண்டுமாம். நான் திரும்பிப் போய் நின்றேன்.